எத்தினையாம் படி மட்டும் வரும்?

2024 கார்த்திகைக் கடைசிக் கிழமை. பிறகு பெங்கல் என்று பெயர் பெற்ற தாழமுக்கம் கிழக்குக் கரையை ஒட்டி ஆமை வேகத்தில் வடக்கே ஏறிக்கொண்டிருந்தது. இரவு எட்டு மணி இருக்கும், மாமி போன் எடுத்தார். மாமி வேறெங்கோ இல்லை, பக்கத்து வளவில்தான் இருக்கிறார். அப்பாவின் தங்கை, எழுபத்தெட்டு வயது, தனிக்கட்டை. முன்பெல்லாம் வேலியடியில் வந்து நின்று கூப்பிடுவார். இப்போது இடையில் மதில், அதனால் போன். "தம்பி, மழை எவ்வளவாம்?" என்றார். நான் அப்போதுதான் முகநூலில் வாசித்து முடித்திருந்தேன். "நாளைக்குள்ள நூற்றைம்பது மில்லிமீற்றருக்கு மேல பெய்யலாமாம் மாமி" என்று, ஏதோ நானே கணித்ததுபோலச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டார்: "அது சரி, எத்தினையாம் படி மட்டும் வரும்?"

நான் பத்தாம் வகுப்புக்குப் புவியியல் படிப்பிக்கிறவன். பத்தொன்பது வருடமாக. நைல் நதியின் வெள்ளப்பெருக்கைக் கரும்பலகையில் வண்ண வண்ணமாகக் கீறுவேன். களனி கங்கை ஏன் பெருகுகிறது என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாமி வீட்டு வாசற்படி நான்கில் எத்தனையாவது நனையும் என்று எனக்குத் தெரியவில்லை. "கவனமா இருங்கோ, சாமானுகளை மேல தூக்கி வையுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன். விடியப் போய்ப் பார்த்தால் மாமி கட்டிலில் காலை மடக்கிக்கொண்டு இருக்கிறார். அரிசி வாளி மேசைமேல். வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லை, ஆனால் மூன்றாம் படி தெரியவில்லை. கோடிப்புறத்தில் அடுக்கியிருந்த விறகும் மூன்று கோழிகளும் போய்விட்டன. வேறொன்றுமில்லை. அந்த மாரியில் மற்ற இடங்களில் நடந்ததோடு பார்த்தால் இதெல்லாம் ஒரு சேதமே இல்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

மில்லிமீற்றரும் படியும்

யாழ்ப்பாணத்தில் மழைக்காலத்துக்கென்று இப்போது ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஐப்பசி பிறந்தால் காலையில் தேத்தண்ணியோடு சேர்த்து வானிலையும் பார்ப்பது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் புவியியற்றுறையின் நாகமுத்து பிரதீபராஜா முகநூலில் எழுதும் முன்னறிவிப்பைக் கடலுக்குப் போகிறவர்களும் பார்க்கிறார்கள், வெங்காயம் நடுகிறவர்களும் பார்க்கிறார்கள், கலியாணத்துக்கு நாள் வைத்தவர்களும் பார்க்கிறார்கள். இது சின்ன விடயம் இல்லை. என் சின்ன வயதில் மழை எங்களுக்கு வானொலியில், கொழும்பிலிருந்து, 'வட மாகாணத்தில் சில இடங்களில்' என்று வரும். அந்தச் சில இடம் எது என்று யாருக்கும் தெரியாது. இன்றைக்கு எங்கள் பல்கலைக்கழகத்து ஆள், எங்கள் தமிழில், எங்கள் ஊர்ப் பெயர்களைச் சொல்லி எழுதுகிறார்.

ஆனாலும் மழை எவ்வளவு பெய்யும் என்பதும் வெள்ளம் எவ்வளவு நிற்கும் என்பதும் வேறு வேறு கேள்விகள். இதை நான் மாணவருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், ஆனால் எனக்கு உறைத்ததில்லை. அன்றைக்குப் பின்னேரம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். எங்கள் ஒரு பரப்புக் காணி கிட்டத்தட்ட 253 சதுர மீற்றர். ஆகவே 100 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு பரப்பில் விழுவது 25,000 லீற்றருக்கு மேல். வீட்டுக்கு மேலே வைக்கிற ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி இருபத்தைந்தை ஒரு பரப்பில் கவிழ்த்து ஊற்றியதுபோல. மாமியின் வளவு மூன்று பரப்பு. இந்தக் கணக்கை மாமியிடம் பெருமையாகச் சொன்னேன். "ஓம், அவ்வளவும் எங்க போகும்?" என்றார். திரும்பவும் அதே இடத்துக்கே வந்து நின்றோம்.

எங்கே போகும் என்பதுதான் குடாநாட்டின் கதை. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரியில் மட்டும் உயிர் வருகிற வழுக்கையாறு ஒன்று, அளவெட்டி, கந்தரோடைப் பக்கமாக இறங்கி அராலியில் கடலேரியோடு சேரும். மற்றபடி தட்டையான சுண்ணாம்புக்கல் நிலம், பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றருக்குள். வெள்ளம் எங்கிருந்தோ புரண்டு வந்து எங்களை அடிப்பதில்லை. விழுந்த இடத்திலேயே நிற்கும். பிறகு வளவால் வளவு, ஒழுங்கையால் ஒழுங்கை, மதகால் வாய்க்கால் என்று வழி கேட்டுக் கேட்டுப் போகும். போகிற வழியில் குளம் இருந்தால் கொஞ்சம் தங்கும், கல்லின் வெடிப்பு இருந்தால் கீழே இறங்கும். அப்படி இறங்குகிற தண்ணீரைத்தான் கோடையில் கிணற்றில் அள்ளுகிறோம். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் உப்புத்தண்ணீரின்மேல் மிதந்துகொண்டிருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. எனவே வெள்ளத்தை எல்லாம் ஒரே நாளில் கடலுக்கு ஓட்டிவிடுவோம் என்று யாராவது கூட்டத்தில் சொன்னால் எனக்குப் பயம் வரும். அவர் சித்திரை மாதத்தில் எங்கே தண்ணீர் குடிப்பார் என்று கேட்கத் தோன்றும்.

பனங்கூடல் குன்றுகள்

என் நண்பரின் மகள் பல்கலைக்கழகத்தில் இறுதி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். ஆய்வுக்கு வெள்ளத்தை எடுத்திருந்தாள். தைப்பொங்கல் கழிந்து ஒருநாள் மடிக்கணினியோடு வந்து, "மாமா, உங்கட ஊர் வரைபடத்தில ஒரு பிழை இருக்கு, வந்து பாருங்கோ" என்றாள். திரையில் எங்கள் ஊர் பச்சையும் மஞ்சளுமாக இருந்தது. மஞ்சள் மேடு, பச்சை பள்ளம். சுடலைக்குப் பக்கத்தில், நாங்கள் சின்ன வயதில் பனம்பழம் பொறுக்கிய இடத்தில், அழகாக ஒரு மஞ்சள் குன்று. அங்கே குன்றும் இல்லை, கோதாரியும் இல்லை. பனங்கூடல்தான் இருக்கிறது.

அவள் விளக்கினாள். 2000 பெப்ரவரியில் எண்டெவர் என்ற விண்ணோடம் பதினொரு நாள் பூமியைச் சுற்றி ராடாரால் உயரம் அளந்தது. அந்தத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது. அதனால் எங்களைப்போன்ற காசில்லாத ஊர்களின் வெள்ள வரைபடங்கள் பெரும்பாலும் அதன்மேல்தான் நிற்கின்றன. ராடார் மரத்தின் தலையில் பட்டுத் திரும்பும்போது பனங்கூடல் குன்றாகிவிடும். அது போகட்டும். ஒரு புள்ளி 30 மீற்றருக்கு 30 மீற்றர். அதாவது மூன்றரைப் பரப்புக்கு ஒரே உயரம். மாமியின் வளவு முழுவதும் ஒரு புள்ளிக்குள் அடங்கிப்போகும். உயரமோ முழு மீற்றரில்தான் குறிக்கப்பட்டிருக்கிறது: ஐந்து, இல்லாவிட்டால் ஆறு. மாமி வீட்டுப் படி ஒன்று ஏழு அங்குலம். நான்கு படியும் சேர்ந்து இருபத்தெட்டு. ஒரு மீற்றருக்கு முப்பத்தொன்பது அங்குலம். அப்படியென்றால் மாமியின் முற்றமும் அவர் படுக்கிற அறையும் அந்த வரைபடத்துக்கு ஒன்றுதான்.

மலைநாட்டில் இந்தத் தரவு நன்றாக வேலை செய்யும் என்றாள். ஆறு உள்ள இடத்தில், பள்ளத்தாக்கு உள்ள இடத்தில். எங்கள் தட்டை நிலத்தில் ஓரடிதான் வீட்டுக்கும் வெள்ளத்துக்கும் இடையில் தீர்ப்புச் சொல்கிறது, அந்த ஓரடியை அதனால் பார்க்க முடியாது. "அப்ப என்ன செய்யப்போறாய்?" என்றேன். "வீடு வீடாப் போய்க் கேக்கப்போறன். வெள்ளம் எது மட்டும் வந்தது எண்டு. நீங்கள் வந்தால் சனம் கதைக்கும்."

தண்ணீர்க் குழாய்

இப்படித்தான் ஒரு மாசிமாதச் சனிக்கிழமை மூன்று மாணவரோடு மாமி வீட்டுக்குப் போனேன். கையில் அளவுநாடா, வினாக்கொத்து, ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் குழாய். மேசன்மார் அத்திவாரம் போடும்போது மட்டம் பார்ப்பார்களே, அதே குழாய். வினாக்கொத்தில் முதல் கேள்வி, 'உங்கள் பிரதேசத்தில் வெள்ள அனர்த்தத்தின் தீவிரத்தை எவ்வாறு மதிப்பிடுவீர்கள்' என்றிருந்தது. கீழே ஒன்றிலிருந்து ஐந்துவரை கட்டங்கள். மாமி அதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன். நல்ல காலம், பிள்ளை தாளை மடித்துவிட்டு, "ஆச்சி, எது மட்டும் வந்தது?" என்றாள்.

மாமி எழும்பிப்போய்ப் படிக்குப் பக்கத்துச் சுவரில் சாய்ந்திருந்த சாக்கை விலக்கினார். நான் அந்த வீட்டில் தவழ்ந்து வளர்ந்தவன், அந்தச் சுவரை அன்றைக்குத்தான் பார்த்தேன். சுண்ணாம்புப் பூச்சில் ஆணியால் கீறிய கோடுகள். எல்லாவற்றிலும் பழையது என் பேரனார் கீறியது, வருடம் போடவில்லை. பிறகு 2008, நிஷா புயல். அன்றைக்கு யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 390 மில்லிமீற்றர் அளவில் கொட்டியது. அந்தக் கோடு சரியாக மூன்றாம் படியின் மட்டத்தில். அடுத்தது 2020, புரெவி, கொஞ்சம் கீழே. கடைசியாக 2024. ஒரு பெடியன், "ஆச்சி, 95இல ஒண்டும் இல்லையோ? அந்த ஐப்பசியில நல்ல மழை எண்டு சொல்லுவினம்" என்றான். மாமி சிரித்தார். "வீட்டில ஆர் மோனை இருந்தது, கோடு கீற?" அவன் பிறந்திருக்கவே மாட்டான். யுத்தத்தில் இடம்பெயர்ந்து, வலிகாமம் முழுக்க அந்த மழைக்குள்தான் நாவற்குழிப் பாலம் தாண்டி நடந்தது. அவன் வினாக்கொத்தில் 'தரவு இல்லை' என்று எழுதினான். வேறு என்ன எழுதுவான்.

பிள்ளை மட்டும் 2024 கோட்டை விட்டு அசையவில்லை. 2008இன் கோட்டுக்கு அது நான்கு அங்குலம் மேலே இருந்தது. "ஆச்சி, இது மாறி எழுதினதோ?" இல்லை என்றார் மாமி. ஒரு நாள் மழை என்று பார்த்தால் 2024இல் பெய்தது 2008இன் அளவுக்குக் கிட்டவும் வராது. மழை குறைவு, வெள்ளம் கூட. நான் உடனே ஆசிரியர் வேடம் போட்டேன். வீதியைக் காப்பெற் போட்டு உயர்த்திவிட்டார்கள், குளத்தை மூடிக் கடை கட்டிவிட்டார்கள், மதகுக்குள் எல்லாரும் பொலித்தீன் போடுகிறார்கள், காலநிலை மாற்றம். எல்லாம் உண்மைதான். யாரோ ஒருவர் செய்த உண்மை.

அவள் கேட்டுக்கொண்டே குழாய்க்குள் தண்ணீர் விட்டாள். உள்ளே நீர்க்குமிழி நிற்கக்கூடாது, நின்றால் மட்டம் பொய் சொல்லும் என்று பெடியனுக்குச் சொல்லிக்கொண்டே சுண்டுவிரலால் தட்டித் தட்டிக் குமிழியை ஏற்றினாள். ஒரு நுனியை 2024 கோட்டில் பிடிக்கச் சொல்லிவிட்டு மற்ற நுனியோடு வளவின் நான்கு பக்கமும் போனாள். கிணற்றுக்கட்டு, மாமரத்தடி, கடைசியில் மதில். மதிலில் குழாய்த் தண்ணீர் நின்ற இடத்துக்கு நேராகக் காய்ந்த சேற்று வரி ஒன்று. என் மதில் அது. 2013இல் அண்ணா கனடாவிலிருந்து அனுப்பிய காசில் கட்டியது. என் பக்கம் பூசிப் பெயின்ற் அடித்திருக்கிறது. மாமியின் பக்கம் பூச்சே இல்லை, கல் அப்படியே தெரியும். அவள் குழாயை மதிலுக்கு மேலால் போட்டு, சுற்றி என் வளவுக்குள் வந்து அதே மட்டத்தைப் பிடித்தாள். என் பக்கத்துச் சேற்று வரி அங்கே இல்லை. கீழே தேடினாள். இளமஞ்சள் பெயின்றில் மங்கலாக ஒரு கோடு, ஒன்பது அங்குலம் கீழே.

ஒரே மதில். அந்தப் பக்கம் ஒரு வெள்ளம், இந்தப் பக்கம் ஒரு வெள்ளம்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. தாளில் இரண்டு எண்களை எழுதி, இடையில் ஒரு அம்புக்குறி போட்டு, அம்பை மதிலில் நிறுத்தினாள். எனக்கு அந்த இடத்தில் முன்பு என்ன இருந்தது என்று அப்போதுதான் ஞாபகம் வந்தது. பனையோலை வேலி. மூலையில் ஒரு பொட்டு. நாங்கள் பிள்ளைகள் அந்தப் பொட்டுக்குள்ளால்தான் மாமி வீட்டுக்குப் போவோம், மாமி அதற்குள்ளால்தான் மீன்குழம்புக் கோப்பையை நீட்டுவார், மாரியில் வெள்ளமும் அதற்குள்ளால்தான் எங்கள் வளவுக்கு வந்து, பின்பக்கத்தால் வயலுக்குப் போகும். ஓலைவேலிக்கு அடியால் வேறு எங்கும் கசியும். 2024இல் என் முற்றம் சீக்கிரம் வடிந்ததென்று பள்ளிக்கூடத்தில் பெருமை பேசியிருக்கிறேன். வடிந்தது என் முற்றம் மட்டும். மாமியுடையதை நான் மறித்து வைத்திருந்தேன். அவரிடம், "உங்களுக்குத் தெரியுமோ?" என்று கேட்டேன். "தெரியாமல் என்ன" என்றார். "நீ காசு செலவழிச்சுக் கட்டினது. எப்பிடிச் சொல்லுறது."

வகுப்பறை

எங்கள் ஊரில் வெள்ள விழிப்புணர்வுக்குக் குறைவில்லை. மார்கழி 26இல் சுனாமி நினைவாகப் பள்ளிக்கூடங்களில் காலை 9.25க்கு இரண்டு நிமிடம் எழுந்து நிற்போம். 117 என்ற அனர்த்த அவசர அழைப்பு இலக்கம் பிள்ளைகளுக்குப் பாடம். சில வருடங்களுக்கு முன் எங்களுக்கு ஒரு துண்டுப்பிரசுரம் வந்தது, யார் அச்சடித்தது என்பது வேண்டாம். அதில் மலையிலிருந்து ஆறு இறங்குகிறது, கரையில் ஓட்டு வீடு, 'ஆற்றங்கரையை விட்டு உயரமான இடத்துக்குச் செல்லுங்கள்' என்று எழுதியிருக்கிறது. கடலோர நாவாந்துறைப் பிள்ளை ஒன்று அதை வாசித்துவிட்டு எந்த உயரத்துக்கு ஏறும்? நானும் அதை நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்தவன்தான்.

அந்த வருடம் இரண்டாம் தவணையில் அதை மேசை இலாச்சிக்குள் வைத்துவிட்டு, பிள்ளைகளை வீட்டில் ஒரேயொரு கேள்வி கேட்டுவரச் சொன்னேன்: 'போன மாரியில் வெள்ளம் எது மட்டும் வந்தது?' முப்பத்துநான்கு பேர். வந்த பதில்களை இன்னும் வைத்திருக்கிறேன். 'சைக்கிள் பெடல்.' 'அடுப்பு நூர்ந்தது, அப்ப அடுப்பு மட்டும்.' 'அம்மம்மாவின் கட்டில் சட்டம்.' 'கிணத்துக்குள்ள வெள்ளம் போட்டுது, எவ்வளவெண்டு தெரியாது.' இந்தக் கடைசிப் பதிலுக்கு வகுப்பில் ஒரு முழுப் பாடவேளை போனது. மலக்குழித் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றாகிற கதை, கொதிக்கவைத்தல், குளோரின், அந்த மார்கழியில் யாழ்ப்பாணத்தில் உயிர்களை எடுத்த எலிக்காய்ச்சல். பிள்ளைகள் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. பதில்களைப் பல்கலைக்கழகப் பிள்ளையிடம் கொடுத்தேன். அவள் ஒவ்வொரு வீடாகப் போய்க் கட்டில் சட்டத்தையும் சைக்கிள் பெடலையும் நாடாவால் அளந்து சென்ரிமீற்றர் ஆக்கினாள். அவளுடைய மேற்பார்வையாளர், கணினியில் போட்ட வெள்ள மாதிரியுரு தருகிற எண்ணோடு இவற்றை வைத்துப் பார்த்தால்தான் மாதிரியுரு எங்கே பிழைக்கிறது என்று தெரியும் என்றாராம்.

கீழ்வீடு

ஆவணியில் மேசனைக் கூப்பிட்டு மதிலின் அடியில் ஐந்து துளை போட்டு ஆறு அங்குல பைப் வைத்தேன். அவருக்கு விளங்கவில்லை. "சேர், நல்ல மதிலை ஏன் உடைக்கிறியள்? பாம்பு வரும்." பாம்புக்கு வலை அடித்தோம். மூன்றாம் நாள் எனக்குக் கீழே இருக்கிற வீட்டுக்காரர் படலையில் வந்து நின்றார். நல்ல மனுசன், வெளியூரிலிருந்து வந்து காணி வாங்கி வீடு கட்டியவர். "மாஸ்ரர், குறை நினைக்காதேங்கோ. அவவின்ரை வெள்ளத்தை நீங்கள் எடுத்தால், உங்கட வெள்ளத்தை நான் எங்க விடுறது?" என்றார். அவருக்கும் பின்பக்கம் மதில். அதற்கு அப்பால் ஒழுங்கை. வீட்டுக்குள் போய் என் பேரனாரின் காணி உறுதியை எடுத்துப் பார்த்தேன். தெற்கெல்லை 'வெள்ளவாய்க்கால்' என்று இருக்கிறது. அப்பாவின் உறுதியில் அதே எல்லை 'வாய்க்காலும் ஒழுங்கையும்'. கீழ்வீட்டுக்காரரின் புது உறுதியில் 'ஒழுங்கை'. மூன்று நொத்தாரிசுமாரும் பொய் எழுதவில்லை. அவரவர் காலத்தில் கண்ணுக்குத் தெரிந்ததை எழுதியிருக்கிறார்கள். இரண்டு பேருமாக மனு எழுதிக் கையெழுத்து வைத்துக் கொடுத்தோம். அது எங்கேயோ ஒரு கோப்புக்குள் இருக்கிறது.

பிறகு 2025 கார்த்திகைக் கடைசி, டித்வா புயல். நாடு முழுவதும் அறுநூறுக்கு மேல் உயிர்கள், மலையகத்தில் ஊரூராக மண் சரிந்தது. அந்தச் செய்திகளுக்கு முன்னால் எங்கள் படிக்கணக்கைப் பேசவே கூச்சமாக இருக்கிறது. ஆனாலும் மழை எங்களுக்கும் பெய்தது, மாமியும் போன் எடுத்தார். இந்தமுறை மில்லிமீற்றர் கேட்கவில்லை, நேரே விடயத்துக்கு வந்தார். பிள்ளை தந்த தாள் என் மேசையில் இருந்தது: எவ்வளவு பெய்தால் எந்தப் படி என்று பென்சிலால் எழுதிய நான்கு வரி, பக்கத்தில் பெரிதாக ஒரு கேள்விக்குறி. "மூன்றாம் படி தொடாது மாமி" என்றேன். சொல்லிவிட்டு இரவு முழுக்க நித்திரை இல்லை. ஒரு மணிக்கு ஒருக்கால் ரோர்ச் அடித்து மதில் பைப்பைப் பார்த்தேன். ஐந்தாலும் தண்ணீர் குபுகுபுவென்று என் வளவுக்குள் வந்துகொண்டிருந்தது. இதுவரை வெள்ளம் என் வளவுக்குள் வருவதைப் பார்த்துச் சந்தோசப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருக்கவேண்டும்.

விடியப் போனேன். இரண்டாம் படியின் விளிம்பில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. மாமி ஆணியோடு தயாராக இருந்தார், குனிய ஏலாது என்று என்னைக் கீறச் சொன்னார். கீறி, வருடம் போட்டேன். "பாத்தீங்களே, நான் சொன்னது சரி" என்றேன். மாமி கோட்டைப் பார்க்கவில்லை, மதிலுக்கு அப்பால் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கீழ்வீட்டில எத்தினையாம் படி மட்டுமாம்?"

அந்த வீடு புது மோஸ்தர். கார் நேரே ஏறி விறாந்தையில் நிற்கிற மாதிரி, முற்றத்து மட்டத்துக்கே கொங்கிறீட் போட்டுக் கட்டியது.

"அவைக்குப் படி இல்லை, மாமி" என்று சொல்லிவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன்.